மில் ஓடாத நேரம்

முதலில் பவர் சப்ளையைப் பார் என்று
எனக்குச் சொன்னது சோதிநாதனின் அரிசி மில்.
மோட்டர் உறுமி எழும்புகிற நொடியில்
எங்கள் வீட்டு பல்ப் பழுத்துப்போகும்,
ஃபான் ஒருக்கால் யோசித்துவிட்டுத்தான் சுற்றும்.
இந்தக் கறண்டை நம்பி
ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைச் செருக ஏலாது.

அவ்வளவும் கச்சான் காசு.
பன்றி கிண்டினது போக, மழை அழுக்கினது போக
ஒட்டுசுட்டான் மண் தந்தது.
உரக்கடை பில்லின் பின்பக்கத்தில்
எழுதி எழுதி வெட்டினேன்.
ரைசன் ஐந்து, ஆறு கோர். அதில் கை வைக்கவில்லை.
ராம் பதினாறு, எட்டெட்டாக இரண்டு;
ஒன்றோடு நிற்பாட்டினால் மலிவுதான்,
சோடி வண்டிலில் ஒரு மாட்டைப் பூட்டின மாதிரி.
ஹார்ட் டிஸ்க்கை வெட்டி எஸ்எஸ்டி,
எஸ்எஸ்டியை வெட்டி அதிலும் பாதி.
யூபிஎஸ் அடுத்த போகத்துக்கு.
கூட்டிப் பார்த்தால் இன்னும் பன்னிரண்டாயிரம் இடித்தது.

தம்பி லிதுசனுக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டும்,
ஏழு நிறத்தில் லைட் எரிகிற பெட்டி.
"அது வேகத்தைக் கூட்டுமோ?"
"இல்லை. ஆனா பார்க்க..."
வெட்டினேன். பெட்டியே இல்லை.

கிளிநொச்சிக் கடைக்காரர் பில் எழுதிக்கொண்டே
"தம்பிக்கோ?" என்றார்.
"எனக்கு."
"ஒபிஸ் வேலையோ?"
"விளையாட."
பேனை நின்றது.
பிறகு என்ன நினைத்தாரோ
தேர்மல் பேஸ்ட் ஒன்றைச் சும்மா பையில் போட்டுவிட்டார்.

கிராபிக்ஸ் கார்ட் மட்டும் கொழும்பில். பழசு.
வெள்ளவத்தையிலிருந்து சுயீபன்
வீடியோவில் திருப்பித் திருப்பிக் காட்டினான்.
"மைனிங்கில ஓடினதோ?"
"சத்தியமா இல்லையக்கா."
நான் கேட்டு முடிக்க முதல் வந்த சத்தியம்.
திருகாணித் தலையெல்லாம் தேய்ந்திருந்தது.
அதைச் சொன்னேன், ஐயாயிரம் இறங்கினான்.

பஸ் மாங்குளம் சந்திக்கு வர விடிய மூன்றரை.
பார்சலை மடியில் வைத்து நான் பின்னால் இருக்க
தம்பி மோட்டார் சைக்கிள் ஓடினான்.
கரிப்பட்டமுறிப்புக்குக் கிட்ட யானை.
லைட்டை நூர்த்தோம், எஞ்சினை நூர்த்தோம்.
இருட்டுக்குள் இன்னொரு இருட்டு
ஒரு அவசரமும் இல்லாமல் றோட்டைக் கடந்தது.
பார்சலின் மூலை வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது.
ஓட வேண்டி வந்தால் எதைத் தூக்குவது என்று
எங்கள் வீட்டில் எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது.
அன்றைக்கு என்னுடையதில் இது ஏறிற்று.

கச்சான் சாக்குக்கு மேல் பலகை,
பலகைக்கு மேல் மதர்போர்ட் வந்த மட்டைப்பெட்டி,
அதற்கு மேல் எல்லாம் திறந்தபடி.
பேஸ்ட் அரைக் கச்சான் பருப்பளவு.
சுவிட்ச் இல்லாததால் திருப்புளி நுனியால் இரண்டு ஊசியைத் தொட்டேன்.
விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு.
பத்து நிமிடம் கறுப்பு.
தம்பி சுயீபனைத் திட்டத் தொடங்கினான்.
நான் ராம் இரண்டையும் கழற்றி ஊதி
பெருவிரல் நோகும்வரை அமத்தினேன்.
கிளிக். மற்றப் பக்கமும் கிளிக்.
எழுத்து வந்தது.

பல்லி விழாமல் நுளம்புவலைத் துண்டு போட்டிருக்கிறேன்.
பின்னேரங்களில் பதினெட்டுச் சில்லு லொறி ஓட்டுகிறேன்,
கண்ணாலும் காணாத பனிமலைப் பாதையில்.
மற்ற நாள் பாதி வளைவில் மில் எழும்பி
எல்லாம் அணைந்தபோது
வேலிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.
சோதிநாதன் கடைசிவரை கேட்டார், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது நெல் மூட்டை வந்து இறங்கினால்
வேலிக்கு மேலால் குரல் வருகிறது:
"பிள்ளை, மில் போடப்போறன்! சேவ் பண்ணு!"

லொறியை ஓரங்கட்டுகிறேன்.
கண்ணாடியில் பனி கொட்டுகிறது.
"பண்ணியாச்சு, போடுங்கோ!"